உலோகக் கண்ணாடிக் கூட்டுப்பொருள்

உலோகக் கண்ணாடிக் கூட்டுப்பொருள் என்பது, படிக அமைப்பு இல்லாத உலோகக் கலவை ஒன்றின் நடுவே, படிக அமைப்புடைய உலோகம் துகள்களாகவோ இழைகளாகவோ கிளைகளாகவோ பரவியிருக்குமாறு உருவாக்கப்படும் பொறியியற் பொருள் ஆகும். உலோகக் கண்ணாடி மிகுந்த வலிமை உடையது. ஆனால் இழுவிசைக்கு உள்ளாகும்போது முன்னறிகுறி ஏதுமின்றி நொடிப்பொழுதில் முறியக்கூடியது. அதன் வலிமையைப் பெரிதும் இழக்காமல், முறிவதற்கு முன் நீளும் தன்மையை அதற்கு அளிப்பதே இக்கூட்டுப்பொருளின் நோக்கமாகும்.

இவ்வகைப் பொருட்களுள் மிகுதியாக ஆராயப்பட்டவை சிர்க்கோனியத்தை அடிப்படையாகக் கொண்டவை. சிர்க்கோனியத்தின் கனிமமான சிர்க்கான் தமிழ்நாட்டின் தென்கடற்கரை மணலில் கிடைக்கின்றது. திருச்செந்தூருக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் அமைந்துள்ள பழையகாயலில் சிர்க்கோனியம் பிரித்தெடுக்கும் ஆலை ஒன்றும் அமைந்துள்ளது. இக்கூட்டுப்பொருட்களின் வலிமை, நீளும் தன்மை ஆகியவை பற்றிய குறிப்பிடத்தக்க ஆய்வுகள் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் நடைபெற்றுள்ளன.

அடிப்படைச் சொற்கள்

இப்பொருட்களின் பண்புகளை விளக்கப் பின்வரும் சொற்கள் பயன்படுகின்றன.

• தகைவு: ஓரலகுப் பரப்பின் மீது செயற்படும் விசை. ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பின் மீது ஒரு நியூட்டன் விசை செயற்பட்டால் அது 1 மெகாபாஸ்கல் தகைவு ஆகும். 1000 மெகாபாஸ்கல் 1 கிகாபாஸ்கல் எனப்படும்.
• வலிமை: பொருள் நிலையாக உருமாறத் தொடங்கும் முன் தாங்கக்கூடிய தகைவு. இதற்குக் குறைவான தகைவில், விசையை நீக்கியதும் பொருள் பழைய வடிவத்திற்கு மீள்கின்றது.
• நீளும் தன்மை: இழுக்கப்படும் பொருள் முறிவதற்கு முன் நிலையாக எவ்வளவு நீள்கின்றது என்பது. இது தொடக்க நீளத்தின் விழுக்காடாகக் குறிக்கப்படும்.
• முறிவுத் தடை: பொருளில் ஏற்கெனவே ஒரு விரிசல் இருக்குமாயின், அவ்விரிசல் பரவுவதைப் பொருள் எந்த அளவுக்குத் தடுக்கின்றது என்பது.

பாலம், வானூர்தி, இயந்திரம் ஆகியவற்றின் சுமை தாங்கும் பகுதிகளுக்கு வலிமை மட்டும் போதுமானதன்று. கட்டட இரும்புக் கம்பி அளவுக்கு மீறிய சுமையால் முதலில் வளைகின்றது அல்லது நீள்கின்றது. இதனால் சுமை அருகிலுள்ள உறுப்புகளுக்குப் பகிரப்படுகின்றது; ஆபத்து நேரவிருப்பதும் முன்கூட்டியே தெரியவருகின்றது. வலிமை மிகுந்தும் நீளும் தன்மை இல்லாத பொருள் இவ்வாய்ப்பைத் தருவதில்லை. உலோகக் கண்ணாடி கண்டறியப்பட்டுப் பல பத்தாண்டுகள் கடந்த பின்னரும் அது கட்டமைப்புப் பொருளாகப் பரவாமைக்கு இதுவே முதன்மைக் காரணம் ஆகும்.

உலோகக் கண்ணாடியின் அமைப்பு

இரும்பு, செப்பு, அலுமினியம் முதலிய வழக்கமான உலோகங்களில் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன. இவ்வொழுங்கான அடுக்கே படிகம் எனப்படும். உலோகம் உருகிய நிலையில் அணுக்கள் ஒழுங்கின்றி அலைகின்றன; குளிரும்போது அவை தத்தம் இடங்களில் அமர்ந்து படிகங்களை உருவாக்குகின்றன. அவ்வாறு அமர்வதற்குக் காலம் கொடுக்காமல் மிக விரைவாகக் குளிர்வித்தால், நீர்மத்தில் இருந்த ஒழுங்கின்மை அப்படியே உறைந்துவிடுகின்றது. இந்நிலையில் உள்ள திண்மமே கண்ணாடி ஆகும்.

திருச்செந்தூரை அடுத்த உடன்குடிப் பகுதி கருப்பட்டிக்கும் பனங்கற்கண்டிற்கும் பெயர் பெற்றது. பனங்கற்கண்டு செய்யும் முறை இவ்வேறுபாட்டை விளக்க உதவும். பதநீரைக் காய்ச்சிப் பெற்ற பாகைப் பல வாரங்கள் அசையாமல் வைத்திருந்தால், சர்க்கரை மூலக்கூறுகள் ஒழுங்காகச் சேர்ந்து கற்கண்டுப் படிகங்கள் ஆகின்றன. நன்கு முறுகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகில் ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் விட்டால், அது உடனே இறுகிக் கண்ணாடிச் சில்லு போல் ஆகிவிடுகின்றது. இரண்டும் சர்க்கரையே, மூலக்கூறுகளின் அடுக்குமுறை மட்டுமே வேறு.

உலோகக் கண்ணாடி என்னும் பெயரில் உள்ள கண்ணாடி என்ற சொல் அணுக்களின் இவ்வொழுங்கின்மையையே குறிக்கின்றது. இப்பொருள் ஒளியை ஊடுருவ விடுவதில்லை. ஏனைய உலோகங்களைப் போலவே பளபளப்பும் மின் கடத்தும் தன்மையும் உடையது.

தனி உலோகங்களைக் கண்ணாடி ஆக்குவது மிகக் கடினம். அளவில் வேறுபட்ட பலவகை அணுக்களைத் தகுந்த விகிதத்தில் கலந்தால், உருகிய கலவை பாகுத்தன்மை மிகுந்ததாகிப் படிகம் தோன்றுவது தாமதமாகின்றது. இத்தகைய கலவைகளை மெதுவாகக் குளிர்வித்தாலும் கண்ணாடி கிடைக்கின்றது.

வரலாறு

1960 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் போல் டூவே என்பவரும் அவருடைய மாணவர்களும், தங்கமும் சிலிக்கானும் கலந்த உருகிய கலவையை நொடிக்கு ஏறக்குறைய பத்து இலட்சம் கெல்வின் என்னும் வேகத்தில் குளிர்வித்து முதல் உலோகக் கண்ணாடியை உருவாக்கினர். அது மிக மெல்லிய சில்லாகவே கிடைத்தது. 1970களில் இரும்பை அடிப்படையாகக் கொண்ட உலோகக் கண்ணாடி, நீண்ட மெல்லிய நாடாவாக வணிக முறையில் உற்பத்தி செய்யப்பட்டது. அந்நாடா மின்மாற்றிகளின் உள்ளகங்களில் இன்றும் பயன்படுகின்றது.

இந்தியாவில் இத்துறையில் முன்னோடி ஆய்வுகள் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்றன. அங்குப் பணியாற்றிய டி. ஆர். அனந்தராமனும் சி. சூரியநாராயணாவும் உருகிய உலோகத்தை விரைந்து குளிர்விக்கும் முறை பற்றி 1971 ஆம் ஆண்டில் எழுதிய மீளாய்வுக் கட்டுரை, அதற்கு முந்தைய பத்தாண்டுப் பணிகளைத் தொகுத்தளித்தது.

1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் சப்பானின் தொகோக்குப் பல்கலைக்கழகத்தில் அக்கிகிசா இனோவே குழுவினர், மெதுவாகக் குளிர்வித்தாலும் கண்ணாடியாகும் கலவைகள் பலவற்றைக் கண்டறிந்தனர். 1993 ஆம் ஆண்டில் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் அட்டகன் பெக்கர், வில்லியம் ஜான்சன் ஆகியோர் விட்ரலாய் 1 எனப்படும் கலவையை அறிவித்தனர். அதில் உள்ள ஒவ்வோர் 1000 அணுக்களிலும் 412 சிர்க்கோனியம், 138 டைட்டானியம், 125 செப்பு, 100 நிக்கல், 225 பெரிலியம் அணுக்கள் உள்ளன. இக்கலவையை நொடிக்கு ஒரு சில கெல்வின் வேகத்தில் குளிர்வித்தாலும் படிகம் தோன்றுவதில்லை. இதனால் பல சென்டிமீட்டர் தடிமனுள்ள உலோகக் கண்ணாடிக் கட்டிகளை வார்க்க முடிந்தது. இவை பருமனான உலோகக் கண்ணாடிகள் எனப்படுகின்றன.

வலிமைக்கும் முறிவிற்கும் காரணம்

படிக உலோகம் ஒன்றை வளைக்கும்போது அணு அடுக்குகள் முழுவதும் ஒரே சமயத்தில் நகர்வதில்லை. அடுக்கில் உள்ள இடப்பிறழ்வுகள் எனப்படும் கோட்டுக் குறைகள் சிறிது சிறிதாக நகர்கின்றன. பெரிய கம்பளத்தை முழுமையாக இழுப்பதை விட, அதில் ஒரு மடிப்பை ஏற்படுத்தி அம்மடிப்பைத் தள்ளிச் செல்வது எளிது. அதுபோலவே இடப்பிறழ்வுகள் நகர்வதற்குக் குறைந்த தகைவே போதும். சாதாரண மென்னெஃகு ஏறத்தாழ 250 மெகாபாஸ்கல் தகைவிலேயே நிலையாக உருமாறத் தொடங்குவதற்கு இதுவே காரணம்.

உலோகக் கண்ணாடியில் ஒழுங்கான அடுக்கு இல்லை. எனவே இடப்பிறழ்வும் இல்லை. சில பத்து அணுக்களைக் கொண்ட சிறு கூட்டம் ஒன்று சேர்ந்து இடம் மாறினால்தான் உருமாற்றம் நிகழும். இதற்கு மிகுந்த தகைவு தேவைப்படுகின்றது. விட்ரலாய் 1 ஏறத்தாழ 1900 மெகாபாஸ்கல் வரை தாங்குகின்றது. தன் நீளத்தில் ஏறத்தாழ 2 விழுக்காடு வரை மீள்தன்மையுடன் நீண்டு, விசையை நீக்கியதும் பழைய நிலைக்குத் திரும்புகின்றது. வழக்கமான படிக உலோகங்களில் இவ்வளவு பெரும்பாலும் அரை விழுக்காட்டை விட மிகுவதில்லை.

ஆனால் வலிமையைத் தந்த அதே அமைப்பு முறிவிற்கும் காரணமாகின்றது. அணுக்கூட்டம் ஒன்று இடம் மாறியதும் அவ்விடம் சற்றுத் தளர்ந்து மென்மையாகின்றது. அடுத்த இடப்பெயர்ச்சியும் அங்கேயே எளிதாக நிகழ்கின்றது. இவ்வாறு உருமாற்றம் முழுவதும் 10 முதல் 20 நானோமீட்டர் தடிமனே உள்ள ஒரு மெல்லிய தளத்தில் குவிந்துவிடுகின்றது. இத்தளம் சறுக்குப் பட்டை எனப்படும். பட்டையின் இருபுறமும் உள்ள பகுதிகள் சீட்டுக்கட்டில் ஒரு சீட்டு வழுக்குவது போல் ஒன்றன் மீது ஒன்று வழுக்குகின்றன. 2006 ஆம் ஆண்டில் லெவன்டாவுஸ்கி, கிரீர் ஆகியோர், உலோகக் கண்ணாடியின் மேற்பரப்பில் பூசிய வெள்ளீயம் சறுக்குப் பட்டையை ஒட்டி உருகியதைக் காட்டினர். வழுக்கலின்போது மிகக் குறுகிய நேரத்தில் அவ்விடத்தில் மிகுந்த வெப்பம் உண்டாவது இதனால் தெளிவாயிற்று.

படிக உலோகங்கள் உருமாறும்போது மேலும் கடினமாகின்றன. செப்புப் பாத்திரத்தைச் சுத்தியலால் தட்டத் தட்ட அது விறைப்பாவது இதனாலேயே. ஓரிடம் நீண்டு கடினமானதும் உருமாற்றம் அருகிலுள்ள மென்மையான இடத்திற்கு நகர்கின்றது; இவ்வாறு பொருள் முழுவதும் பரவலாக நீள்கின்றது. உலோகக் கண்ணாடியில் நிகழ்வது இதற்கு நேர்மாறானது. உருமாறிய இடம் மென்மையாவதால் உருமாற்றம் அங்கேயே தங்கிவிடுகின்றது. இழுவிசையின் கீழ் முதற் சறுக்குப் பட்டையே விரிசலாகிப் பொருளை முறித்துவிடுகின்றது. ஆகவே இழுவிசையில் அதன் நிலையான நீட்சி ஏறத்தாழ சுழியம் ஆகும்.

கூட்டுப்பொருள் என்னும் தீர்வு

சறுக்குப் பட்டைகள் தோன்றுவதை முற்றாகத் தடுக்க இயலாது. ஆனால் ஒரு பெரிய பட்டைக்கு மாறாகப் பல்லாயிரம் சிறிய பட்டைகள் தோன்றுமாறும், அவை ஒவ்வொன்றும் சிறிது தொலைவிலேயே நின்றுவிடுமாறும் செய்ய இயலும். இதற்குப் பட்டையின் பாதையில் வேறு இயல்புடைய ஒரு பொருள் குறுக்கிட வேண்டும். இதுவே கூட்டுப்பொருளின் அடிப்படை.

விரிசலின் பாதையில் தடைகளை வைக்கும் இம்முறை இயற்கையிலும் உள்ளது. மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பி ஓட்டின் உட்புறத்தில் உள்ள ஒளிர்படலமும் முத்தும் ஒரே பொருளால் ஆனவை. அப்பொருளில் ஏறத்தாழ 95 விழுக்காடு அரகோனைட்டு என்னும் கால்சியம் கார்பனேட்டுப் படிகம் ஆகும். எஞ்சிய சிறு பகுதி புரதம் முதலிய கரிமப் பொருட்கள். ஏறக்குறைய அரை மைக்ரோமீட்டர் தடிமனுள்ள படிகத் தகடுகள் செங்கற்கள் போல் அடுக்கப்பட்டு, அவற்றிடையே கரிமப் பொருள் சாந்து போல் அமைந்துள்ளது. விரிசல் நேராகச் செல்ல இயலாமல் ஒவ்வொரு தகட்டையும் சுற்றிச் செல்ல வேண்டியுள்ளது. எனவே எளிதில் நொறுங்கும் அரகோனைட்டைக் காட்டிலும் சிப்பியின் ஒளிர்படலம் முறிவைப் பன்மடங்கு தாங்குகின்றது.

முத்துச்சிப்பியில் கடினமான தகடுகளை மென்மையான பொருள் பிணைக்கின்றது. உலோகக் கண்ணாடிக் கூட்டுப்பொருளில், தொடர்ச்சியான கடினக் கண்ணாடியின் நடுவே மென்மையான படிகங்கள் தீவுகள் போல் அமைந்துள்ளன. அமைப்பு வேறாயினும், விரிசல் நீண்ட தொலைவு தடையின்றிச் செல்ல விடாமை என்னும் நோக்கம் இரண்டிற்கும் பொதுவானது.

வெளியிலிருந்து சேர்த்தல்

முதலில் கையாளப்பட்ட முறை, உருகிய கலவையில் வேறு பொருளைச் சேர்ப்பதாகும். 1997 ஆம் ஆண்டில் சோய்-யிம், ஜான்சன் ஆகியோர் டங்ஸ்டன், சிலிக்கான் கார்பைடு முதலியவற்றின் துகள்களைச் சேர்த்துக் கூட்டுப்பொருட்களை உருவாக்கினர். அடுத்த ஆண்டில் டங்ஸ்டன் கம்பிகள், எஃகுக் கம்பிகள் ஆகியவற்றின் கற்றையினுள் உருகிய கலவையை ஊடுருவச் செய்து உறையவைக்கும் முறை வெளியானது. அமுக்குவிசையின் கீழ் இவை முறிவதற்கு முன் பெரிதும் உருமாறின. ஆயினும் இழுவிசையின் கீழ் நீளும் தன்மையில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் ஏற்படவில்லை. துகளுக்கும் கண்ணாடிக்கும் இடையிலுள்ள பிணைப்பு வலுவற்றிருப்பின் அவ்விடைமுகத்திலேயே விரிசல் தோன்றுகின்றது.

உள்ளேயே வளர்த்தல்

2000 ஆம் ஆண்டில் ஹேய்சு, கிம், ஜான்சன் ஆகியோர் வேறொரு வழியை வெளியிட்டனர். சிர்க்கோனியம், டைட்டானியம், செப்பு, நிக்கல், பெரிலியம் ஆகியவற்றுடன் நியோபியத்தையும் சேர்த்து உருக்கிக் குளிர்வித்தபோது, முதலில் சிர்க்கோனியமும் டைட்டானியமும் நியோபியமும் மிகுந்த மென்மையான படிகங்கள் மரக்கிளை போல் வளர்ந்தன. எஞ்சிய நீர்மத்தில் பெரிலியமும் செப்பும் செறிந்தன. அந்நீர்மம் கண்ணாடியாக உறைந்தது. கிளைப்படிகம் உருகிய கலவையிலிருந்தே தோன்றுவதால் அதற்கும் கண்ணாடிக்கும் இடையிலுள்ள பிணைப்பு தூய்மையானது, வலுவானது.

அளவும் இடைவெளியும்

2008 ஆம் ஆண்டில் டக்ளசு ஹோப்மன், ஜான்சன் உள்ளிட்ட குழுவினர் இம்முறையை மேம்படுத்தி இரண்டு விதிகளை முன்வைத்தனர்.

1. படிகத்தின் விறைப்புக் குணகம் கண்ணாடியினுடையதை விடக் குறைவாக இருத்தல் வேண்டும். அப்போது உருமாற்றம் முதலில் மென்மையான படிகத்திலும் அதன் அருகிலும் பல இடங்களில் தொடங்கும்.
2. படிகங்களின் அளவும் அவற்றிடையே உள்ள இடைவெளியும், அக்கண்ணாடியில் விரிசலின் முனையைச் சுற்றி உருமாற்றம் நிகழும் பகுதியின் அளவுடன் ஒத்திருத்தல் வேண்டும். அப்போது சறுக்குப் பட்டை, ஆபத்தான விரிசலாக மாறும் நீளத்தை அடையும் முன்னரே அடுத்த படிகத்தை எட்டி நின்றுவிடும்.

இதற்காக அவர்கள் கலவையை முழுமையாக உருகாத பகுதித் திண்ம நிலையில் வைத்திருந்து, கிளைப்படிகங்களைச் சீராகப் பருக்கச் செய்து பின்னர் குளிர்வித்தனர். நிக்கல் நீக்கப்பட்டு டைட்டானியத்தின் அளவு கூட்டப்பட்டது. கிடைத்த பொருட்களின் பண்புகளைப் பின்வருமாறு ஒப்பிடலாம்.

• விட்ரலாய் 1: வலிமை ஏறத்தாழ 1.9 கிகாபாஸ்கல், இழுவிசையில் நிலையான நீட்சி ஏறத்தாழ சுழியம்.
• 2008 ஆம் ஆண்டுக் கூட்டுப்பொருட்கள்: வலிமை 1.2 முதல் 1.5 கிகாபாஸ்கல் வரை. நீட்சி 10 விழுக்காட்டிற்கும் மேல்.

வலிமையில் ஒரு பகுதி இழக்கப்பட்டது உண்மையே. ஆயினும் எஞ்சிய வலிமை மென்னெஃகின் வலிமையைப் போல் ஐந்து மடங்கு ஆகும். மேலும், முறிவுத் தடையில் இப்பொருட்கள் மிகச் சிறந்த எஃகு வகைகளுடன் ஒப்பிடத்தக்க நிலையை எட்டின.

பெங்களூர் ஆய்வு

இவ்விதிகள் வெளியான பின்னர், வலிமையையும் நீளும் தன்மையையும் எந்த அளவீடு எவ்வாறு கட்டுப்படுத்துகின்றது என்ற கேள்வி எழுந்தது. ஒவ்வோர் ஆய்வகமும் வெவ்வேறு கலவையை வெவ்வேறு முறையில் உருவாக்கியதால் முடிவுகளை ஒப்பிடுவது கடினமாயிருந்தது. இந்திய அறிவியல் கழகத்தின் பொருட்பொறியியல் துறையில் உபத்ரஷ்ட ராமமூர்த்தி தலைமையிலான குழுவினர், ஹோப்மன் முதலியோருடன் இணைந்து 2012 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இக்கேள்விக்கு விடை தேடியது. ராமமூர்த்தி 2011 ஆம் ஆண்டிற்கான சாந்தி சுவரூப் பட்நாகர் விருதைப் பொறியியல் பிரிவில் பெற்றவர்.

இவ்வாய்வில் ஒரே வேதியியற் கலவை நான்கு முறைகளில் உருவாக்கப்பட்டது. மின்வில்லால் உருக்குதல், அச்சினுள் உறிஞ்சி வார்த்தல், பகுதித் திண்ம நிலையில் அமுக்கி வடித்தல், நீரால் குளிர்விக்கப்பட்ட செப்புத் தொட்டியில் தூண்டல் முறையில் உருக்குதல் ஆகியவையே அம்முறைகள். கலவையும் படிகத்தின் பங்கும் மாறாமல், கிளைப்படிகங்களின் பருமனும் இடைவெளியும் மட்டும் முறைக்கு முறை மாறின. ஆய்வின் முதன்மையான முடிவுகள் வருமாறு:

• கன அளவில் ஏறத்தாழ 75 விழுக்காடு படிகமாக இருந்தபோது, உருவாக்கும் முறை பண்புகளைப் பெரிதும் பாதிக்கவில்லை. படிகத்தின் பங்கு ஏறத்தாழ 55 விழுக்காடாக இருந்தபோது, முறைக்கேற்பப் பண்புகள் மாறின.
• பருமனான கிளைப்படிகங்கள் 7 முதல் 9 விழுக்காடு வரை நீட்சியைத் தந்தன. சிறிய கிளைப்படிகங்கள் உருமாறும்போது பொருள் கடினமாகும் வீதத்தை உயர்த்தின.
• படிகங்களிடையே உள்ள இடைவெளி குறைந்தபோது வலிமை, நீளும் தன்மை ஆகிய இரண்டும் ஒருங்கே உயர்ந்தன. பகுதித் திண்ம நிலையில் அமுக்கி வடித்தல் இத்தகைய அமைப்பை அளித்தது.

மூன்றாவது முடிவு குறிப்பிடத்தக்கது. பொறியியற் பொருட்களில் பொதுவாக வலிமை கூடினால் நீளும் தன்மை குறையும். இங்கு இடைவெளி குறையும்போது, கண்ணாடிப் பகுதி ஒவ்வொன்றும் சிறிய அறையாகின்றது. சிறிய அறையில் சறுக்குப் பட்டை தோன்றுவதற்கு ஏற்ற குறைவிடங்கள் குறைவு. தோன்றிய பட்டை ஓடுவதற்கு இடமும் குறைவு. முதலாவது காரணத்தால் வலிமையும் இரண்டாவது காரணத்தால் நீளும் தன்மையும் மேம்படுகின்றன.

உருமாறும் படிகங்கள்

கிளைப்படிகக் கூட்டுப்பொருட்களில் ஒரு குறை எஞ்சியிருந்தது. அவற்றுள் பல, உருமாறத் தொடங்கியதும் போதிய அளவு கடினமாவதில்லை. ஆகையால் இழுக்கப்படும் தண்டு ஓரிடத்தில் கழுத்துப் போல் ஒடுங்கி, பின்னர் அங்கேயே முறிகின்றது.

2010 ஆம் ஆண்டில் செப்பும் சிர்க்கோனியமும் மிகுந்த கலவைகளில் இதற்கு ஒரு தீர்வு காட்டப்பட்டது. செருமனியில் பவுலி, எக்கர்ட் முதலியோரும், சீனாவில் வூ முதலியோரும் இதனைத் தனித்தனியே வெளியிட்டனர். இக்கலவைகளில் தோன்றும் கனசதுர அமைப்புடைய படிகம், தகைவுக்கு உள்ளாகும்போது மார்ட்டென்சைட்டு எனப்படும் வேறோர் அமைப்பிற்கு மாறுகின்றது. மாறும்போது ஆற்றலை உட்கொள்கின்றது. மாறிய பின் முன்னினும் கடினமாகின்றது. கண்ணாடி மென்மையாவதைப் படிகம் கடினமாவது ஈடுசெய்வதால், நீட்சி பொருள் முழுவதும் பரவுகின்றது.

பிற வழிமுறைகள்

படிகங்களைச் சேர்க்காமலும் உலோகக் கண்ணாடியின் முறியும் தன்மையைக் குறைக்க முயற்சிகள் நடைபெற்றுள்ளன.

• மேற்பரப்பைச் சிறு குண்டுகளால் தாக்குதல்: இதனால் மேற்பரப்பில் அமுக்கத் தகைவு நிலைபெற்று, பட்டைகள் விரிசலாவது தடைப்படுகின்றது. இம்முறை 2006 ஆம் ஆண்டில் காட்டப்பட்டது.
• குளிர்ச் சுழற்சி: திரவ நைட்ரஜனின் வெப்பநிலைக்கும் அறை வெப்பநிலைக்கும் இடையே பலமுறை மாற்றி வைத்தல். இதனால் அணு அமைப்பு தளர்ந்து நிலையாக உருமாறும் தன்மை கூடுவது 2015 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.
• அளவைக் குறைத்தல்: ஏறத்தாழ 100 நானோமீட்டர் தடிமனுள்ள தூண்கள் இழுவிசையிலும் நிலையாக நீள்வதை 2010 ஆம் ஆண்டில் ஜாங், கிரீர் ஆகியோர் காட்டினர்.

இதற்கு மாறாக, கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலைக்குச் சற்றுக் கீழே நெடுநேரம் சூடுபடுத்தினால் அணுக்கள் நெருங்கி அமைந்து, உலோகக் கண்ணாடி மேலும் நொறுங்கும் தன்மை அடைகின்றது. எனவே பயன்பாட்டின்போது ஏற்படும் வெப்பமும் கருத்திற் கொள்ள வேண்டிய ஒன்றாகும்.

திருச்செந்தூர்க் கடற்கரையும் சிர்க்கோனியமும்

மேற்கூறிய கூட்டுப்பொருட்களில் பெரும்பாலானவற்றிற்குச் சிர்க்கோனியமும் டைட்டானியமும் இன்றியமையாதவை. இவற்றின் கனிமங்கள் தென் தமிழ்நாட்டின் கடற்கரை மணலிலும், திருச்செந்தூர் வட்டாரத்தில் தேரி எனப்படும் செம்மணல் மேடுகளிலும் கலந்துள்ளன. இல்மனைட்டு, ரூட்டைல் ஆகியவை டைட்டானியத்தின் கனிமங்கள். சிர்க்கான் என்பது சிர்க்கோனியம் சிலிக்கேட்டு ஆகும். பாறைகள் சிதைந்து ஆறுகளால் அடித்து வரப்பட்ட மணலை அலைகள் மீண்டும் மீண்டும் அரிக்கின்றன. இலேசான மணல் அகன்று, அடர்த்தி மிகுந்த இக்கனிமங்கள் கரையில் கருமணலாகப் படிகின்றன. கரையோர வாழ்வையும் சூழலையும் பாதிக்கும் வகையில் அகழ்வு நடைபெறுவதாக எழுந்த முறையீடுகளைத் தொடர்ந்து, தனியார் கடற்கரைக் கனிம அகழ்வுக்கு 2013 ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தடை விதித்தது.

பழையகாயலில் உள்ள சிர்க்கோனியம் வளாகம் இந்திய அரசின் அணுசக்தித் துறையைச் சேர்ந்த அணு எரிபொருள் வளாகத்தின் ஒரு பிரிவாகும். இது 2009 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. மார்க்கோ போலோ குறிப்பிடும் காயல் துறைமுகம் இவ்வூரே எனப் பலர் கருதுகின்றனர். முத்து வணிகத்திற்குப் பெயர் பெற்ற கொற்கையும் இதற்கு அருகிலேயே உள்ளது.

சிர்க்கான் மணலிலிருந்து உலோகத்தைப் பெறுதல் பல படிகளைக் கொண்டது. மணல் முதலில் எரிசோடாவுடன் சேர்த்து உருக்கப்படுகின்றது. பின்னர் நைட்ரிக் அமிலத்தில் கரைக்கப்பட்டு, கரைப்பான் மூலம் ஆஃபினியம் நீக்கப்படுகின்றது. இவ்வாறு கிடைக்கும் சிர்க்கோனியம் ஆக்சைடு, கரியுடன் சேர்த்துக் குளோரின் வாயுவால் குளோரைடாக மாற்றப்படுகின்றது. இறுதியில் மக்னீசியத்தால் குளோரைடு ஒடுக்கப்பட்டு, துளைகள் நிறைந்த கடற்பஞ்சு போன்ற சிர்க்கோனியம் கிடைக்கின்றது.

இவ்வுலோகம் அணுமின் உலைகளில் எரிபொருளை உறையிடும் குழாய்களுக்காகவே உற்பத்தி செய்யப்படுகின்றது. உலோகக் கண்ணாடிக்காக அன்று. உலைகளுக்கு ஆஃபினியம் நீக்கப்பட வேண்டும். ஏனெனில் அது நியூட்ரான்களை மிகுதியாக உட்கவர்கின்றது. உலோகக் கண்ணாடிக்கு ஆஃபினியம் தடையன்று. ஆனால் ஆக்சிஜன் மாசு பெரும் தடையாகும். சிர்க்கோனியம் ஆக்சிஜனை எளிதில் உட்கொள்கின்றது. உருகிய கலவையில் சிறிதளவு ஆக்சிஜன் மிகுந்தாலும் வேண்டாத படிகங்கள் விரைந்து தோன்றுகின்றன. இவை மேலே கூறிய மென்மையான கிளைப்படிகங்களைப் போன்றவை அல்ல, நொறுங்கும் இயல்புடையவை. சறுக்குப் பட்டையைத் தடுப்பதற்கு மாறாக, இவையே விரிசலின் தொடக்கமாகின்றன. எனவே உலோகக் கண்ணாடியில் எந்தப் படிகமும் நன்மை செய்யும் என்று கொள்ளலாகாது.

பயன்பாடுகள்

பருமனான உலோகக் கண்ணாடிகள் 1990களின் இறுதியிலிருந்து கோல்ப் மட்டைகள், கருவிகளின் சிறு உறுப்புகள் முதலியவற்றில் பயன்படுத்தப்பட்டன. 2001 ஆம் ஆண்டில் ஏவப்பட்ட செனிசிசு விண்கலத்தில், சூரியக் காற்றின் துகள்களைச் சேகரிக்கும் தகடுகளுள் ஒன்று சிர்க்கோனிய உலோகக் கண்ணாடியால் ஆனது. நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம், மிகுந்த குளிரில் மசகு எண்ணெய் இன்றி இயங்கக்கூடிய பற்சக்கரங்களை இவ்வகைக் கலவைகளிலிருந்து உருவாக்கிச் சோதித்துள்ளது. முறிவுத் தடை மிகுந்த கூட்டுப்பொருட்கள், விண்கலங்களை நுண்கற்களின் மோதலிலிருந்து காக்கும் கவசங்களுக்கும் ஆராயப்பட்டுள்ளன.

வரம்புகள்

இக்கூட்டுப்பொருட்கள் பரவலான பயன்பாட்டிற்கு வருவதற்குப் பின்வருவன தடைகளாக உள்ளன.

• சிர்க்கோனியம், நியோபியம், பெரிலியம் ஆகியவை விலை மிகுந்தவை. உருக்குதலும் வார்த்தலும் வெற்றிடத்திலோ மந்த வாயுவிலோ நடைபெற வேண்டும்.
• சிறந்த பண்புகளுடைய கலவைகள் பலவற்றில் பெரிலியம் உள்ளது. அதன் தூசியைச் சுவாசித்தால் நுரையீரல் நோய் ஏற்படும். ஆகையால் தொழிலாளர் பாதுகாப்பு ஏற்பாடுகள் கட்டாயமாகின்றன.
• வார்ப்பின் தடிமன் கூடும்போது உட்பகுதி மெதுவாகக் குளிர்கின்றது. கிளைப்படிகங்களின் பருமனும் இடைவெளியும் வெளிப்பகுதியில் ஒருவிதமாகவும் உட்பகுதியில் வேறுவிதமாகவும் அமைகின்றன. எனவே சிறிய மாதிரியில் அளந்த வலிமையையும் நீட்சியையும் பெரிய உறுப்பிற்கு அப்படியே பொருத்த இயலாது.
• விட்ரலாய் 1 ஏறத்தாழ 350 பாகை செல்சியசில் கண்ணாடி நிலைமாற்றம் அடைகின்றது. இவ்வகைக் கண்ணாடிகளைத் தளமாகக் கொண்ட கூட்டுப்பொருட்களை அவ்வெப்பநிலைக்கு அருகிலோ மேலோ சுமை தாங்கும் உறுப்புகளாகப் பயன்படுத்த இயலாது.

இக்காரணங்களால், பெரிலியம் இல்லாத கலவைகளைக் கண்டறிதல், தூய்மை குறைந்த மூலப்பொருட்களிலிருந்தும் கண்ணாடியைப் பெறுதல், பெரிய வார்ப்புகளிலும் படிகங்களின் இடைவெளியைச் சீராக வைத்திருத்தல் ஆகியவை இத்துறையின் முதன்மையான ஆய்வுப் பொருள்களாக விளங்குகின்றன.